வெல்டிங் தெரியாது. வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் காருக்குத் தகட்டில் மானோகாக் சேசிஸ் செய்ய முடியுமா?

முடியும். மானோகாக் என்றால் தனியாகக் குழாய் ஃப்ரேம் இல்லாமல், தகட்டுப் பெட்டியே காரின் எலும்புக்கூடாக நிற்பது. வெல்டிங் வராது என்பதே தகட்டுப் பக்கம் போக நல்ல காரணம்தான். நானும் மச்சானும் கோவையில் அவர் பட்டறையில் ஒன்று கட்டினோம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

முதலில் ஒரு தீப்பெட்டியை எடுங்கள். உள் தட்டை மட்டும் உருவி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் துவண்டுவிடும். உறைக்குள் செருகிவிட்டு முறுக்குங்கள், அசையாது. எல்லாப் பக்கமும் மூடியதால் வந்த விறைப்பு அது. மானோகாக்கின் சூட்சுமமும் அதுதான்.

ஆனால் காருக்குள் ஆள் உட்கார வேண்டுமே! மேலே பெரிய ஓட்டை வெட்டிய உடனே தீப்பெட்டி மறுபடி வெறும் தட்டாகிவிடுகிறது. 1962-ல் லோட்டஸ் 25 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் காருக்கு, லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கண்ட வழியைத்தான் நாங்கள் காப்பியடித்தோம். ஓட்டுபவருக்கு இரு பக்கமும் நீளவாக்கில் மூடிய அலுமினியப் பெட்டி ஒவ்வொன்று, அவற்றை இணைக்க முன்னும் பின்னும் குறுக்குச் சுவர், அடியில் தரைத் தகடு. அதே வருடத்துக் குழாய் ஃப்ரேம் காரான லோட்டஸ் 24-ஐவிட விறைப்பு சுமார் மூன்று மடங்கு, சேசிஸ் எடை பாதி. 1963-ல் ஜிம் கிளார்க் அதை ஓட்டித்தான் உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் பெட்டிகளுக்குள் ரப்பர் பையில் பெட்ரோல் வைத்திருந்தார்கள். அதை மட்டும் நாங்கள் காப்பியடிக்கவில்லை. பிள்ளை குட்டிக்காரர்கள்.

பெட்டியின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். தகட்டின் கனத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் முறுக்கு விறைப்பும் ஒன்றரை மடங்குதான். அதே கனத்தில் பெட்டியின் உயரத்தையும் அகலத்தையும் ஒன்றரை மடங்கு ஆக்கினால், எடை அதே அளவுதான் கூடும், விறைப்போ மூன்று மடங்குக்கு மேல் ஏறும். ஏறி இறங்கக் காலைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவே.

எங்கள் முதல் அடி தகடு வாங்குவதிலேயே விழுந்தது. வலுவானது என்று 6061 டி6 என்ற அலுமினிய ரகத்தை வாங்கி, பெண்டிங் மெஷினில் கூராக மடித்தோம். மடிப்பின் வெளிப்பக்கத்தில் நகம் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் முடி போல விரிசல், வரிசையாக. முழுத் தகடும் பழைய சாமான் கடைக்குப் போனது. மடிக்க வேண்டிய பகுதிக்கு, விரியாமல் மடியும் 5052 ஹெச்32 ரகத்தில் 1.6 மி.மீ. தகடு வாங்குங்கள். 6061-ஐத் தட்டையாக நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதிலும் வெல்டு வேண்டாம், சூடு பட்ட இடத்தில் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆகவே ரிவெட். 4.8 மி.மீ. பாப் ரிவெட், 25 மி.மீ.க்கு ஒன்று, துளையின் மையம் ஓரத்திலிருந்து 10 மி.மீ.யாவது உள்ளே. துளை போட்டதும் தகடுகளைப் பிரித்துப் பிசிறு எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒட்டி உட்காராது. நடுவில் ஸ்ட்ரக்சுரல் எபாக்ஸி, அதாவது உலோகத்தை ஒட்டும் வலுவான பசை, தடவுங்கள். தடவுமுன் உப்புத்தாள் தேய்த்து அசிட்டோனில் துடையுங்கள். எங்கள் காரில் ஆயிரத்துக்கு மேல் ரிவெட். கை ரிவெட்டரோடு இறங்காதீர்கள், கம்ப்ரசர் காற்றில் ஓடும் ரிவெட்டரை வாடகைக்காவது எடுங்கள்.

சஸ்பென்ஷன் மாட்டும் இடம்தான் உண்மையான தலைவலி. தகடு தன் பரப்பு வாக்கில் வரும் இழுப்பைத் தாங்கும், குறுக்கே ஒரு புள்ளியில் குத்தினால் டால்டா டின் மாதிரி உள்ளே போய்விடும். அதனால் குறுக்குச் சுவரும் பெட்டியும் சேரும் மூலைகளில் மட்டும் மாட்டுங்கள், அதுவும் சுமையைப் பரப்பிவிடும் அகலமான இரும்புப் பிராக்கெட் வைத்து. இந்தப் பிராக்கெட்டுக்கும், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் ஹூப்புக்கும் நல்ல வெல்டரிடம் போய்விடுங்கள். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் பிரைமரும் சீலன்ட்டும் இல்லையென்றால் ஈரம் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும்.

இன்ஜின் ஏற்றுமுன் முறுக்கிப் பாருங்கள். பின்பக்கத்தை அசையாமல் போல்ட் போட்டு, முன்பக்கம் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து, குறுக்கே ஒரு உத்தரம் கட்டி, மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோ தொங்கவிட்டோம். எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்க வைத்த டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுப் பக்கச் சுவர் "டப்" என்று புடைத்தது. சுவரின் நடுவில் குறுக்காக இரண்டு எல்-ஆங்கிள் ரிவெட் அடித்தபிறகுதான் சத்தம் நின்றது.

ரோட்டில் ஓட்டும் கனவு இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி தயாரிப்பாளர் புது மாடலைச் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். தனி ஆள் ஒற்றைக் காருக்கு அதைச் செய்து கட்டுப்படியாகாது. எங்களுடையது செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்குக்கு ட்ரெய்லரில் ஏறித்தான் போய் வருகிறது.