கற்றாழை ஜெல் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்ந்த சோற்றுக் கற்றாழையைச் சீவி மிக்ஸியில் அடித்து, இரண்டு வைட்டமின் ஈ கேப்சூலை உடைத்து ஊற்றி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். 12 நாளாகிறது. லேசாகச் சிவந்திருக்கிறது, வாடை இல்லை. முகத்தில் போடலாமா? ஆறு மாதம் கெடாமல் இருக்க எதைச் சேர்ப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாங்க, இன்றைக்கே கொட்டிவிடுங்கள். கற்றாழைச் சாறு காற்றுபட்டாலே சிவக்கும், கிருமி பெருகினாலும் நிறம் மாறும், இதில் எது நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாடை வருவதற்கு முன்பே ஒரு ஸ்பூனில் லட்சக்கணக்கான பாக்டீரியா இருக்கலாம். அதிலும் சூடோமோனாஸ் போன்ற கிருமி கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து. பிரிட்ஜ் அதன் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

வைட்டமின் ஈ பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். எண்ணெய் காறிப்போவதைத்தான் அது தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. கற்றாழைச் சோற்றில் கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர், கிருமிக்கு வேண்டியதும் அதுதான். பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்த நலங்கு மாவு டப்பாவில் மாதக்கணக்கில் நிற்கிறதே, அதில் ஈரமில்லை, தேவைப்படும்போது மட்டும் குழைக்கிறோம். அதே டப்பாவில் ஒருநாள் ஈரக்கையை விட்டுப் பாருங்கள், கட்டி கட்டியாகிப் பூசணம் பிடித்துவிடும்.

சரி, கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ்? ஜாம் பாட்டிலில் எழுதியிருக்கும் சோடியம் பென்சோயேட், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்குக் கீழே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். க்ரீம்களில் சேர்க்கும் ஃபீனாக்சிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் என்றால் 100 கிராமுக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது, அதை ஸ்பூனால் அளக்க முடியாது, கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். இத்தனையும் செய்தாலும் ஆறு மாதத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஏனென்றால் க்ரீம் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே கிருமியைக் கலந்து 28 நாள் வரை எண்ணிப் பார்த்துத்தான் பிரிசர்வேட்டிவ் போதுமா என்று முடிவு செய்கிறார்கள், அந்தச் சோதனையை அடுப்படியில் செய்ய முடியாது. அப்புறம், யாராவது சமையல் சோடா சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். நம் தோலின் மேற்பரப்பு பிஎச் 5-ஐ ஒட்டிய லேசான அமிலம், சோடா அதற்கு நேர் எதிர், எரிச்சலும் வறட்சியும்தான் மிஞ்சும்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள்: மடலை வெட்டியதும் கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, அரிப்பு தரும் அந்த மஞ்சள் பாலை வடியவிடுங்கள். பிறகு கழுவி, சோற்றை அடித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தினம் ஒரு கட்டியை உருகவிட்டுப் பூசுங்கள், மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.