எண்ணூர்க் காற்றை விளக்குக் கோலால் வரைந்து பார்த்தேன்

கேள்வி: புதிய தொழில்நுட்பம், கலை, அறிவியல் புனைகதைக் காட்சி மூன்றும் சேர்கிற மாதிரி நீங்களே ஏதாவது செய்து பார்த்ததுண்டா? எங்கிருந்து தொடங்கலாம்?

செய்திருக்கிறேன், இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். நான் திருவொற்றியூர்க்காரன். கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். சவுக்குக் கட்டையில் சாரம் கட்டி, முப்பதடி உயரத்துக்கு விளக்காலேயே அம்மன் நிற்பாளே, அந்த வேலை. அப்பா காலத்தில் மோட்டாரில் சுழலும் ஓர் உருளைதான் எல்லாவற்றையும் இயக்கியது. உருளையின் தகடு கம்பியைத் தொட்டால் ஒரு வரிசை எரியும், விலகினால் அணையும். அம்மன் கை அசைந்தது அப்படித்தான். இப்போது பிக்சல் லைட். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சின்னதாக ஒரு சிப், ஒரே டேட்டா வயரில் எல்லா விளக்குக்கும் தனித்தனி நிறம் சொல்லலாம். அதனால் தொழில்நுட்பமும் கலையும் சேர்வது எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. புனைகதைக் காட்சிதான் எனக்குப் புதிது.

முதலில் எல்லோரையும் போல ஏஐ படத்தில்தான் ஆரம்பித்தேன். எழுத்தில் சொன்னதைப் படமாக்கித் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ 2022 ஆகஸ்டில் வெளியானது, யார் வேண்டுமானாலும் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். நண்பனின் கணினியில் 'எண்ணூர், 2090' என்று கேட்டோம். மழையில் நனைந்த நியான் தெரு வந்தது, வானத்தைத் தொடும் கட்டடங்கள் வந்தன, பறக்கும் படகு வந்தது. கடைப் பலகைகளில் தமிழ் மாதிரி ஏதோ கிறுக்கல். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் இல்லை, பறி என்ற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவுகிறவர்கள் இல்லை. எங்கள் தெருவில் காட்டினேன். 'நல்லாருக்குப்பா, எந்த ஊரு?' என்று கேட்டார்கள்.

அந்த இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சிக்னல் இல்லாத பழைய டிவியில் தெரியுமே, அந்த மாதிரி வெறும் இரைச்சல் புள்ளிகளில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலை நீக்கிப் படத்தை எடுப்பதுதான் அதன் வேலை. எதை நோக்கி நீக்குவது என்பதை ஏற்கெனவே பார்த்த கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்றிருக்கிறது. 'எதிர்காலம்' என்றால் அது அதிகம் பார்த்தது நியான் நகரத்தை. எண்ணூரை எத்தனை முறை பார்த்திருக்கும்? எங்கள் ஊர் எதிர்காலத்துக்கு இன்னொரு ஊரின் சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அப்புறம்தான் வேறொரு வழி கண்ணில் பட்டது. 2011இல் ஆஸ்லோவில் டிமோ ஆர்னல் என்பவரும் இரண்டு நண்பர்களும் நான்கு மீட்டர் கோலில் 80 விளக்குகளைப் பொருத்தி, வைஃபை சிக்னல் எவ்வளவு வலுவோ அவ்வளவு உயரத்துக்கு எரியவிட்டு, இருட்டில் நடந்து படம் எடுத்திருக்கிறார்கள். தெருவில் வெள்ளையாக ஒரு மலைத்தொடர் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாதது தெரிகிறது. பிரிட்டனில் ராபின் பிரைஸ் என்ற கலைஞரும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் போப்பும் இதையே காற்று மாசுக்குச் செய்தார்கள். தூசு கூடினால் ஒளிப்புள்ளி கூடும். டெல்லியில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் எடுத்த படத்தில் புள்ளி அடைமழையாக நிற்கிறது. இமாசலத்தின் பாலம்பூரில் அதே மாதிரி விளையாட்டிடத்தில் எடுத்ததில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இரண்டுக்கும் பன்னிரண்டரை மடங்கு வித்தியாசம். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோல் இருக்கிறது, பிக்சல் இருக்கிறது, எண்ணூர் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒரு தூசு சென்சார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி அதன் குறுக்கே போகும், தூசில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து பிஎம் 2.5 என்கிற நுண்தூசு எவ்வளவு என்று கணக்குப் போடும். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் அந்தத் தூசு. இரண்டு மீட்டர் பிவிசி பைப்பில் 120 பிக்சல் ஒட்டினேன், அவற்றை இயக்க ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்று வைத்தேன். கணக்கை எளிமையாக வைத்துக்கொண்டேன்: ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராமோ, விநாடிக்கு அத்தனை புள்ளி மின்னும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஷட்டரை 60 விநாடி திறந்துவிட்டு, கறுப்புச் சட்டையில் கோலோடு குறுக்கே நடக்க வேண்டும். நடக்கிறவர் படத்தில் விழமாட்டார், புள்ளிகள் மட்டும் நிற்கும்.

ஒரு பிரச்சினை என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. எல்லா பிக்சலும் முழு வெள்ளையில் எரிந்தால் ஏழு ஆம்பியர் வேண்டும், பவர் பேங்க் தாங்காது. சரி, நாம் ஒன்றிரண்டாகத்தானே மின்ன விடுகிறோம் என்று நினைத்தால், அப்போது கரண்ட் ரொம்பக் குறைவு. ஏதோ சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. கைப்பிடியின் அடியில் நான்கைந்து பிக்சலைக் கறுப்பு டேப்பால் மூடி, எப்போதும் எரியவிட்டுத்தான் அதைச் சமாளித்தேன். நீங்கள் செய்தால் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

எடுக்கும் முன் வீட்டுக்குள்ளேயே இரண்டு அளவுப் படங்கள் எடுத்துவைத்தேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாள் சராசரிக்குச் சொன்ன அளவு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 60. சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த எண்களையே போர்டுக்குக் கொடுத்தேன். முதல் படத்தில் 900 புள்ளி, அடுத்ததில் 3,600. இந்த இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் தெருப் படங்களைப் பார்க்கிறவருக்கு ஏதாவது புரியும். இல்லாவிட்டால் அது வெறும் அழகான பொட்டுகள்.

தெருவில் இறங்கிய பிறகு என் எண்ணமே மாறிப்போனது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால்தான் படம் அடர்த்தியாக வரும் என்று நம்பிப் போனேன். சிவப்பு விளக்கு எரியும் புகைபோக்கி, இருட்டுத் தண்ணீர், நடுவே மிதக்கும் ஒளிப்புள்ளிகள். வேற்றுக்கிரகத்தில் ஏதோ இறங்கியது போல இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த இரவு காற்று கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது, புள்ளிகள் குறைவு. திரும்பி வரும்போது, துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரி வரிசை ஓரத்தில் சும்மா ஒரு படம் எடுத்தோம். கோல் நடந்த இடம் முழுவதும் வெள்ளைச் சுவர். லாரியே தெரியவில்லை. அந்தச் சாலையோரம்தான் பிள்ளைகள் சைக்கிளில் டியூஷனுக்குப் போகிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். உப்புத் துகள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும், இந்த விலை குறைந்த சென்சார் அதையும் தூசாக எண்ணிக் கூட்டிச் சொல்லும். அதனால் ஈரப்பத சென்சார் ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். ஒரே அளவு ஈரமுள்ள இரவுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறேன். எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்றும் இந்தக் கோல் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க வேறு கருவிகள் வேண்டும், வேறு ஆட்கள் வேண்டும்.

போன ஆடித் திருவிழாவில் படங்களை ஃபிளெக்ஸில் அடித்து, எங்கள் சீரியல் செட் அம்மனுக்குப் பக்கத்துச் சந்தில் கட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் இடம், நேரம், எண், ஈரப்பதம். ஒரு ஆயா லாரி சாலைப் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். 'இன்னா தம்பி இது, நட்சத்திரமா?' என்றார். சொன்னேன். 'என் பேத்தி இருமறது இதுலதானா?' என்று கேட்டு, அடுத்து அவர்கள் வீட்டு வாசலில் எடுக்கச் சொன்னார். அந்த வாரமே எடுத்தேன். ஏஐ படத்தைப் பார்த்து 'எந்த ஊரு' என்று கேட்ட அதே தெரு இது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். சென்சாரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தெருவில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது எது என்று யோசித்து, அதை அளக்கும் ஒன்றை வாங்குங்கள். சத்தமாக இருக்கலாம், வெப்பமாக இருக்கலாம், நிலத்தடி நீரின் உப்பாக இருக்கலாம். காட்சி எப்படி வரும் என்பதை அந்த எண் பார்த்துக்கொள்ளும். நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். போர்டுக்கான நிரல் வேண்டுமானால் கேளுங்கள், அப்படியே தருகிறேன். வரும் போகியன்று விடியற்காலை நான்கு மணிக்கு, டயர் கொளுத்தும் முன்னும் பின்னும், ஆயா வீட்டு வாசலில் மறுபடி எடுக்கப் போகிறோம். இரண்டாவது கோல் தயாராகிவிட்டது, தூக்கி நடக்கத்தான் ஆள் வேண்டும்.