நீட்: வாராவாரம் டெஸ்ட் எழுதியும் மார்க் ஏறவில்லை, என்ன செய்வது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் நீட்டில் 312தான். விடைக்குறிப்பை வைத்துப் பார்த்ததில் 93 சரி, 60 தப்பு, 27 கேள்விகளைத் தொடவில்லை. மாதிரித் தேர்வு விடாமல் எழுதினாள், எல்லாவற்றிலும் 300ஐச் சுற்றியேதான் வந்தது. இன்னொரு வருஷம் படிக்கிறேன் என்கிறாள். கடன் வாங்கியாவது பெரிய கோச்சிங்கில் சேர்க்கட்டுமா? தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்கிறார்களே, அது சரியா?
(ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்)

பதில்: கடன் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் அம்மா. முதலில் அந்த 60 தப்பைப் பார்ப்போம், உங்கள் மகளின் அடுத்த 100 மார்க் அதற்குள்தான் இருக்கிறது.

நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், மொத்தம் 720 மார்க். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 போய்விடும். அதனால் ஒரு தப்பு விடை சரியானால் 4 வருவதோடு போன 1ம் திரும்புகிறது, மொத்தம் 5. அறுபதில் இருபதை மட்டும் சரிசெய்தாலே 312 என்பது 412. கோச்சிங் விளம்பரங்களில் இந்தக் கணக்கு வராது, ஆனால் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

மாதிரித் தேர்வு எழுதியும் ஏறவில்லை என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எழுதி முடித்த பிறகு அந்தத் தாளோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்? பெரும்பாலும் மார்க்கைப் பார்த்து வருத்தப்பட்டு, விடை விளக்கத்தை ஒருமுறை புரட்டி, ஓ இதுதானா என்று மூடிவைத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் எழுதிய தாளுக்குக் குறைந்தது இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். விளக்கத்தைத் திறக்கும் முன்பே தப்பான கேள்விகளை வெறும் தாளில் நேரக்கெடு இல்லாமல் மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கணிசமானது அப்போதே சரியாக வந்துவிடும். அது தெரியாத கேள்வியே இல்லை, தெரிந்தும் கோட்டை விட்டது.

பல வருஷமாக இயற்பியல் சொல்லித் தருகிறேன், அதிலிருந்தே ஒரு உதாரணம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளலாம், பந்து கைக்குத் திரும்ப எத்தனை நொடி? 20ஐ 10ஆல் வகுத்தால் 2. பிள்ளை உடனே 2ஐ ஷேட் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அந்த 2 நொடி மேலே போவதற்கு மட்டும்தான், இறங்க இன்னொரு 2, விடை 4. கேள்வி எடுப்பவருக்குப் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரியும், அதனால் நான்கு விடைகளில் ஒன்றாக 2ஐயும் வைத்திருப்பார். இந்தத் தப்பு வந்ததற்காக இயக்கவியல் பாடத்தை முதலிலிருந்து படிப்பது வீண் வேலை. கடைசி வரியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அடிக்கோடிட்டுவிட்டுக் கணக்கில் இறங்கும் பழக்கம்தான் இதற்கு மருந்து.

ஆக ஒரு தனி நோட்டு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் என்ன விடை போட்டேன், ஏன் அதைப் போட்டேன் என்று இரண்டு வரி. "கவனக்குறைவு" என்று எழுத மட்டும் விடாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. "அலகு மாற்ற மறந்தேன்", "தவறான கூற்று எது என்று கேட்டதைச் சரியான கூற்று என்று படித்தேன்", "இந்தப் பாடமே புரியவில்லை" என்று எழுதினால் அடுத்த வாரம் என்ன செய்வது என்று அதுவே சொல்லிவிடும். ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி போட வேண்டும். இதைச் செய்யாமல் புதுத் தாள் எடுப்பதில் பயனில்லை.

தெரியாததைத் தொடலாமா என்று கேட்டீர்கள். "தொடவே கூடாது" என்பது கணக்குப்படி சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூட நாலில் ஒன்று சரியாகலாம், 4 வந்து 3 போகும், கையில் 1 நிற்கும். பெரிய லாபம் இல்லை, அதிர்ஷ்டம் சரியில்லாவிட்டால் நஷ்டமும் ஆகலாம். ஆனால் இரண்டு விடைகள் நிச்சயம் தப்பு என்று காரணத்தோடு நீக்க முடிந்தால் கட்டாயம் போட வேண்டும், அப்படி இரண்டு கேள்விக்கு ஒன்று சரியானாலே 3 மார்க் மிச்சம். ஆபத்து, அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகத் தெரிந்ததாக நினைப்பதில்தான். மேலே சொன்ன 2 நொடி மாதிரி விடைகள் அவர்களைப் பிடிக்கத்தான் இருக்கின்றன. மாதிரித் தேர்வில் சந்தேகத்தோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளி வைத்ததில் எத்தனை சரியானது என்று நாலைந்து தாளுக்குப் பார்த்தால், தன் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்று அவளுக்கே தெரியும்.

பாடத்திட்டத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். தேசிய மருத்துவ ஆணையம் மாற்றியமைத்த பாடத்திட்டம் 2024 தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்தது. நம் பிளஸ் டூ வேதியியலில் முதல் பாடமான உலோகவியல் அதில் இல்லை, திடநிலைமையும் இல்லை. பதிலுக்குச் செய்முறை சார்ந்த அலகுகள் சேர்ந்திருக்கின்றன: வெர்னியர் அளவி, திருகு அளவி, மீட்டர் சமனச் சுற்று எல்லாம். ரெக்கார்டு நோட்டைப் பரணில் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 90 கேள்வி வரும் உயிரியலுக்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப் புத்தகத்தை வரி வரியாக, படத்துக்குக் கீழே உள்ள எழுத்து உட்படப் படித்தே ஆக வேண்டும், அதற்குக் குறுக்குவழி எதுவும் நான் பார்த்ததில்லை.

தமிழில் எழுதுவதாக விண்ணப்பத்தில் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் செல்லும். அதனால் அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது, பேசவோ எழுதவோ வேண்டியதில்லை.

நேரம்: உயிரியலை 50 நிமிடத்துக்குள், வேதியியலை 50க்குள், மீதி இயற்பியலுக்கு. விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்ப வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் நிரப்பட்டும். பேனா மையை அழிக்க முடியாது. வீட்டில் எழுதும்போதும் மதியம் 2 முதல் 5 வரை, அச்சடித்த ஓஎம்ஆர் தாளிலேயே எழுதட்டும், உண்மைத் தேர்வும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

இப்போது கோச்சிங். இரண்டு மாதம் இந்த நோட்டு முறையைப் பார்த்துவிட்டு, "பாடமே புரியவில்லை" என்ற வகைத் தப்பு ஒரே பாடப்பிரிவில் குவிந்தால் அதற்கு மட்டும் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். கோச்சிங்தான் என்றால், தேர்வுத் தாளை ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கடைசியாக, 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மறுபடி எழுதுபவர்களுக்கும் உண்டு. படித்த பள்ளிகளின் சான்றுகளை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி நர்சிங் மூன்றுக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, அதற்கு விண்ணப்பிக்கும் தேதியை மட்டும் தவறவிட வேண்டாம். இடம் கிடைத்த பிறகு சேர்வதா, இன்னொரு வருஷம் நீட் படிப்பதா என்பதை அவளே சொல்லட்டும்.