ஆலும் இச்சியும் தட்டுத் தொட்டியில்: போன்சாய் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். நர்சரியில் வாங்கிய பைகஸ் (ஆல் இனத்து மரம்), ஆழமில்லாத போன்சாய் தொட்டியில் ரெண்டு வருஷமா இருக்கு. தண்டு இன்னும் பென்சில் கனம்தான். என்ன குறை?

பதில்: மரத்தில் குறையே இல்லை. தண்டு பருக்க வேண்டுமானால் வேரும் இலையும் தாராளமாக ஓடவேண்டும். தட்டுத் தொட்டி அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. வடிவம் முடிந்த மரத்தின் வீடு அது, வளரும் மரத்துக்கு உரியதல்ல. எடுத்துத் தரையில் நடுங்கள். இடமில்லாவிட்டால் 15 அங்குல க்ரோ பேக் போதும். வேருக்கு நேர் அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வையுங்கள். வேர் கீழே இறங்காமல் சுற்றிலும் பரவும். ஜப்பானியர் நெபாரி என்று கொண்டாடும் வேர்ப்பரப்பு அப்படித்தான் உருவாகிறது.

அடுத்து, தண்டின் அடிப்பக்கத்தில் ஒரு கிளையைக் கவாத்து செய்யாமல் 5, 6 அடி வரை ஓடவிடுங்கள். அந்தக் கிளைக்குக் கீழே இருக்கும் தண்டுதான் பருக்கும், மேலே இருப்பது அவ்வளவாகப் பருக்காது. அடி பெருத்து நுனி சிறுத்த தோற்றம் இதனால்தான் கிடைக்கிறது. வேண்டிய கனம் வந்ததும் கிளையை அறுத்துவிடலாம். இந்தக் கிளையைப் பாதியில் வெட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வெட்டிய அன்றே பருமனாவதும் நின்றுபோகும்.

கேள்வி: அகடாமா (போன்சாய்க்குப் போடும் ஜப்பானியக் களிமண் குருணை) கட்டுப்படியாகலை. உள்ளூர் மண் கலவை சொல்லுங்க. அடியில் எவ்வளவு கூழாங்கல் போடணும்?

பதில்: உடைத்த செங்கல் 2 பங்கு, பரும்படி ஆற்று மணல் 1 பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் 1 பங்கு. செங்கல்லும் மணலும் 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சலித்த தூசியைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். அது இடுக்குகளை அடைத்து வேரை அழுகவைக்கும். கடல் மணல் கூடவே கூடாது, உப்பு.

கூழாங்கல் அடுக்கு வேண்டாம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, எல்லையிலேயே தேங்கி நிற்கும். ஏற்கெனவே 2 அங்குல ஆழமுள்ள தொட்டியில் கல்லுக்கு ஒரு அங்குலம் கொடுத்தால், ஈரம் தேங்கும் இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளைகளின் மேல் வலை வைத்தால் போதும்.

கேள்வி: தொட்டி மாத்த எந்த மாசம் நல்லது? போன வருஷம் மாத்தின உடனே மரம் பட்டுப்போச்சு.

பதில்: ஆல், அரசு, பைகஸ் எல்லாம் சூட்டில் துளிர்க்கும் மரங்கள். மாசி, பங்குனி நல்லது. தவறினால் கத்திரி வெயில் தணிந்த பிறகு ஜூலை, ஆகஸ்ட். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வேர் இடுக்குகளில் மண் இறங்கும்படி மூங்கில் குச்சியால் குத்திவிடுங்கள். காற்று இடைவெளி நின்றால் அந்த வேர் காய்ந்துவிடும். பிறகு துளை வழியே கம்பி கொடுத்து மரத்தைத் தொட்டியோடு கட்டுங்கள். மரம் காற்றில் ஆடினால் புது வேர் முளைக்கும்போதே அறுந்துபோகும். பட்டுப்போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். மூன்று வாரம் நிழல், ஒரு மாதம் உரம் கிடையாது. வேர் வெட்டிய அதே நாளில் கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றுவதும் வேண்டாம்.

கேள்வி: அலுமினியக் கம்பி கட்டினேன். கிளையில் திருகுபோலத் தழும்பு விழுந்திடுச்சு அண்ணா.

பதில்: கம்பி அதிக நாள் இருந்துவிட்டது. பைகஸ் வேகமாகப் பருக்கும். நாலாவது வாரத்திலிருந்து வாராவாரம் பாருங்கள், பட்டையில் பதியத் தொடங்கினாலே எடுத்துவிடுங்கள். சுற்றைப் பிரித்து எடுக்காதீர்கள், கிளை முறியும். கட்டரால் சுற்றுச்சுற்றாக நறுக்குங்கள். கிளை பழைய இடத்துக்குத் திரும்பினால் வேறு தடத்தில் மறுபடி கட்டலாம். கம்பியின் கனம் கிளையின் கனத்தில் மூன்றில் ஒன்று, சாய்வு சுமார் 45 பாகை. வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி ஓடவேண்டும். இல்லையேல் பட்டை பிளக்கும்.

கேள்வி: ஆல இலை சின்னதாகவே மாட்டேங்குது.

பதில்: ஓரளவுக்குத்தான் ஆகும். நல்ல வெயிலில் இருக்கும் திடமான மரமென்றால் வருடத்துக்கு ஒருமுறை, காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்கலாம். அடுத்த துளிர் சிறிதாக வரும். இலையில்லாத மரம் தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும், பழைய அளவில் ஊற்றினால் வேர் அழுகும். ஆலை 2 அடிக்கும் மேல் பெரிய போன்சாயாக வைத்தால் இலை கண்ணுக்கு உறுத்தாது. கைக்கடக்கமான மரம் வேண்டுமென்றால், சிறிய இலை கொண்ட பைகஸ் வகையான கல் இச்சியே சரி.

கேள்வி: பைகஸ் இலை பாதியாக மடிஞ்சு, உள்ளே கறுப்பா குட்டிப் பூச்சி.

பதில்: இலைப்பேன். மடிப்புக்குள் மருந்து போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் துளிர்மேல் தெளியுங்கள்.

கேள்வி: சென்னையில் ஜூனிபர் வளருமா? ஏசி ரூமில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்குக் குளிர்கால ஓய்வும் திறந்தவெளி வெயிலும் தேவை. ஏசி அறை இரண்டையும் தராது. ஊசியிலைத் தோற்றம்தான் ஆசையென்றால் சவுக்கு வையுங்கள். தைவானில் அதை அருமையான போன்சாயாக வளர்க்கிறார்கள். வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். தண்ணீர் மட்டும் ஒருநாளும் தவறக்கூடாது. காய்ந்த கிளை திரும்பத் துளிர்ப்பது அரிது.