சம்பளம் வந்த அண்டே மெசேஜ் வந்திடும்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, கொள்ளுப்பிட்டியில வேலை. ஒன்லைன்ல ஒரு வெளிநாட்டுப் பொம்பிளையை ஃபொலோ பண்றன், ஃபின்டொம் எண்டு சொல்லுவினம், அவ அதட்டிக் காசு கேப்பா நான் அனுப்புவன், நேர்ல பார்த்ததே இல்ல, அந்த அதட்டல்தான் எனக்குப் பிடிச்சது. சம்பளம் வந்த அண்டே மெசேஜ் வந்திடும். போன மாசம் சீட்டுக்கு வச்ச காசும் போயிட்டுது. இந்த மாசம் ஏலாது எண்டன். உடன என்ர நிச்சயதார்த்தப் படத்தை எனக்கே அனுப்பி, 'வடிவான பிள்ளை, ஹலோ சொல்லட்டா?' எண்டு கேட்டு ஒரு சிரிப்பு இமோஜி. பகிடியோ உண்மையோ விளங்கேல்ல.
- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தம்பி, உங்கட ஆசையில நான் குறை சொல்லேல்ல. வளர்ந்த ரெண்டு பேர் ஒத்துக்கொண்டு செய்தா அது அவையின்ர பாடு. ஆனா இதை ஒழுங்கா செய்யிற ஆக்கள் மாசம் எவ்வளவு ஏலும் எண்டு முதல்லயே கேப்பினம், வாடகைக் காசில கை வைக்க விடமாட்டினம், நிப்பாட்டுறதுக்கு ஒரு சொல்லும் பேசி வச்சிருப்பினம், அதைச் சொன்னா அதட்டல் அதோட சரி. உங்கட ஆள் ஏலாது எண்ட உடன படத்தைத் தூக்கிக் காட்டுறா. மானத்தை வாங்குவன் எண்டு வெருட்டிக் காசு பறிச்சா அது கப்பம், எங்கட தண்டனைச் சட்டக்கோவையில 372ஆம் பிரிவு. இமோஜி போட்டா மாறாது.

அவவுக்கு உங்கட சம்பளத் தேதி தெரியும், கலியாணம் கட்டப்போற பிள்ளையின்ர முகம் தெரியும். உங்களுக்கு ஒரு புரொஃபைல் படம்தான் தெரியும், டைப் பண்றது அந்தப் படத்தில இருக்கிற ஆள்தானோ ஆருக்குத் தெரியும், களவெடுத்த படத்தோட இதே தொழிலை ஆம்பிளையளும் செய்யினம்.

இனி ஒரு சதமும் அனுப்பாதேங்கோ, ஒருக்கா பயந்து குடுத்தா பேந்தும் கேப்பினம். சட் மெசேஜுகளை அழிக்காம ஸ்கிரீன்ஷொட் எடுத்து, காசு அனுப்பின ரசீதுகளையும் வச்சிட்டு பிளொக் பண்ணுங்கோ. பாஸ்வேட், ஓடிபி ஏதும் குடுத்திருந்தா (சிலர் அதையும் குடுக்கினம்!) இண்டைக்கே பேங்குக்கு அடியுங்கோ. ஒன்லைன் பிரச்சினையளைப் பாக்கிற அரச அமைப்பு இலங்கை சேர்ட் (CERT), அதின்ர நம்பர் 101, சிஐடியில கணினிக் குற்றப் பிரிவும் இருக்கு. வெளிநாட்டு ஆளைப் பிடிக்கிறது லேசில்ல, எண்டாலும் முறைப்பாடு போட்டு வையுங்கோ.

அந்தப் பிள்ளைக்கு நீங்களே முந்திச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் விபரமாச் சொல்லத் தேவையில்ல, காசு போனதையும் ஒருத்தி வெருட்டுறதையும் சொன்னாக் காணும். சீட்டுக்கார அக்காவிட்டயும் தவணை கேளுங்கோ, ஒளிச்சுத் திரியாதேங்கோ.