பைன் மரம் சிவந்த பிறகு மருந்து எதற்கு?

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்து வீட்டுக்காரர்கள் கேட்டவை இவை.

பாண்டரோசா பைன் ஒன்று சில வாரங்களில் செம்பழுப்பாகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

அந்த மரத்துக்கு இனி மருந்து கிடையாது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. இப்படிச் சிவப்பது பெரும்பாலும் பட்டை வண்டின் வேலை; அது ஓர் அரிசி நீளம்தான். முதலில் வரும் பெண் வண்டு பட்டையைத் துளைத்து இறங்கியதும், வாசனை விட்டு மற்ற வண்டுகளை வரவழைக்கும். தெம்புள்ள மரம் பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளிவிடும்; தண்ணீர் கிடைக்காத மரத்தில் பிசின் வற்றிப்போயிருக்கும். பட்டைக்கு அடியில் புழுக்கள் குடைய, வண்டு கொண்டுவந்த பூஞ்சை மரத்தின் நீரோட்டத்தையும் அடைத்துவிடும். இலை சிவப்பது இத்தனையும் நடந்த பிறகுதான். 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் நாம் இதைக் கண்ணால் பார்த்தோம். 2010இலிருந்து 2017 வரை இம்மாநிலத்தில் சுமார் 12.9 கோடி மரங்கள் செத்ததாக அமெரிக்க வனத்துறை மதிப்பிட்டது.

பணம் செலவழிப்பதானால் பக்கத்தில் பச்சையாக நிற்கும் மரங்களுக்குச் செலவழியுங்கள். வண்டு பறக்கத் தொடங்கும் முன், வசந்தத்திலேயே, உரிமம் பெற்றவரைக் கொண்டு அடிமரத்துக்குத் தடுப்பு மருந்து அடிக்கலாம்.

பட்டையில் சோளப்பொரி போல பிசின் கட்டிகள் இருக்கின்றன. மரம் போய்விட்டதா?

போய்விட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெண்மையான கட்டி என்றால் மரம் இன்னும் எதிர்த்துக்கொண்டிருக்கிறது. செந்நிறத் தூள் கலந்திருந்தால் வண்டு உள்ளே போயிருக்கலாம். நான் அதிகம் பயப்படுவது, பிசினே வடியாமல் பட்டை இடுக்கில் மரத்தூள் மட்டும் கிடக்கும் மரத்தைப் பார்த்துத்தான். தூரை ஒட்டி மட்டும் பெரிய கட்டிகள் இருந்தால் அது வேறு வகை வண்டு. பெரும்பாலும் அது தனியாக மரத்தைக் கொல்வதில்லை.

தண்ணீர் எப்படி விடுவது?

தூரில் ஊற்றாதீர்கள். கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே சொட்டுக் குழாயைச் சுற்றிப் போட்டு, மண் ஓரடி ஆழம் நனையும்வரை மெதுவாக விடுங்கள். வறண்ட கோடையில் மாதம் ஒருமுறை இப்படி விட்டால் போதும். புல்தரைக்குத் தினமும் தெளிக்கும் தண்ணீரை நம்ப வேண்டாம்.

மே மாதம் கிளை வெட்ட ஆள் வருகிறார். காலில் ஆணி கட்டித்தான் ஏறுவாராம்.

இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். பச்சை வெட்டுக்காயத்தின் மணம் வண்டுகளை இழுக்கும், குளிர்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். உயிரோடு வைத்திருக்கப்போகும் மரத்தில் ஆணிக்கால் படவே கூடாது, ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். கயிற்றில் ஏறத் தெரிந்தவராக, ஐஎஸ்ஏ (மரப் பராமரிப்பாளர்களுக்கான பன்னாட்டுச் சங்கம்) சான்றிதழும் காப்பீடும் உள்ளவராகப் பாருங்கள்.

ஊரில் தென்னைக்கு வரும் சிவப்புக் கூன்வண்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. கூன்வண்டின் புழு தென்னைத் தண்டின் உள்ளே குடையும். இது பட்டைக்கு அடியில் வாழ்வது. காயம்பட்ட மரத்தைத் தேடி வருவதில் மட்டும் இரண்டும் ஒரே மாதிரி.

வெட்டிய பைன் கட்டைகளை விறகாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் உயிருள்ள பைன் மரங்களை ஒட்டி அடுக்காதீர்கள். ஈரக்கட்டையில் வண்டு பெருகி அடுத்த மரத்துக்குப் போகும். பிளந்து வெயிலில் காயவிடுங்கள். கிளைகளைத் தூளாக அரைத்துவிடச் சொல்லுங்கள்.