ஆப்பை அழித்த பிறகும் பணம் ஏன் போகிறது? – வாசகர் கேள்விகள், பதில்கள்

பாட்டு ஆப்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஆப்கள். ஆனால் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: பாட்டு கேட்கும் ஆப்பைப் போனிலிருந்து அழித்துப் பல மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் மாதாமாதம் பணம் போகிறது. ஆப்பே இல்லாதபோது எதற்குப் பணம் எடுக்கிறார்கள்?

பதில்: ஆப் வேறு, சந்தா வேறு, கணக்கு வேறு. இந்த மூன்றும் ஒன்றுதான் என்று நினைப்பதால்தான் இத்தனை பேருக்குப் பணம் போகிறது. ஆப் என்பது உங்கள் போனில் இருக்கும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். நீங்கள் அதை அழித்த விஷயம் பணம் வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், இவர் கம்ப்யூட்டரிலோ டிவியிலோ கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சந்தா என்பது பணத்துக்கான ஒப்பந்தம், அதை நிறுத்தச் சொல்லி நீங்கள் தனியாகச் சொல்லவேண்டும். கணக்கு என்பது உங்கள் பெயர், மின்னஞ்சல், பிளேலிஸ்ட் எல்லாம் இருக்கும் இடம். சந்தாவை நிறுத்தினாலும் கணக்கு அப்படியே இருக்கும்.

சரி, எங்கே போய் நிறுத்துவது? எந்த வழியாகப் பணம் கட்ட ஆரம்பித்தீர்களோ, அந்த வழியாகத்தான் நிறுத்த முடியும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், ப்ளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று போனால் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாச் சந்தாவும் வரிசையாக இருக்கும், வேண்டாததைத் தொட்டு ரத்து செய்யலாம். ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டால் அங்கேயும் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். இந்த இரண்டு இடத்திலும் அந்த ஆப்பின் பெயரே இல்லையென்றால் குழம்ப வேண்டாம், நீங்கள் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கார்டு கொடுத்திருப்பீர்கள். பிரவுசரில் அவர்கள் தளத்துக்குள் லாகின் செய்து, கணக்குப் பக்கத்தில் 'திட்டம்' என்கிற பகுதியைத் தேடுங்கள். இன்னொரு வழியும் உண்டு, மொபைல் நெட்வொர்க் திட்டத்தோடு சேர்ந்து வந்த சந்தா. அதை நெட்வொர்க்காரர்களிடம் சொல்லித்தான் நிறுத்தவேண்டும், பாட்டு நிறுவனத்திடம் எத்தனை முறை கேட்டாலும் அவர்கள் கையில் அது இருக்காது.

எந்த வழியில் கட்டினோம் என்பதே மறந்துவிட்டதா? வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் என்றோ கூகுள் என்றோ இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. அப்படியும் தெரியவில்லை என்றால் மின்னஞ்சலில் ரசீதைத் தேடுங்கள், ரசீது அனுப்பியவர்தான் பணம் வாங்குகிறவர்.

ஐபோனில், சந்தா ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை அழிக்கும்போது 'சந்தாவை வைத்துக்கொள்ளவா?' என்று போனே கேட்கும். ஆனால் அது ஆப்பிள் வழியாகக் கட்டிய சந்தாவுக்கு மட்டும்தான். கேட்கவில்லை என்பதால் சந்தாவே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரிதான் கணக்குப் பக்கத்தில் பார்த்தேன். 'இலவசத் திட்டம்' என்று காட்டுகிறது. ஆனால் பணம் எடுக்கிறார்கள்! இது மோசடி இல்லையா?

பதில்: மோசடி என்று புகார் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். அநேகமாக உங்களுக்கு அங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. முதல்முறை ஃபேஸ்புக் வழியாக லாகின் செய்திருப்பீர்கள், இன்னொரு நாள் வேறு போனில் மின்னஞ்சல் கொடுத்து நுழைந்திருப்பீர்கள், அது உங்களுக்கே தெரியாமல் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்திருக்கும். இப்போது பார்ப்பது இலவசக் கணக்கு, பணம் போவது மற்றதிலிருந்து. ஐபோனில் 'ஆப்பிள் மூலம் நுழைக' என்பதை அழுத்தி, மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் கணக்கு நீங்கள் பார்த்தே இராத, ஆப்பிள் உருவாக்கிய ஒரு மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்கும்.

உங்களிடம் இருக்கும் எல்லா மின்னஞ்சல் பெட்டிகளிலும், பழையது உட்பட, அந்த ஆப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வரவேற்புக் கடிதமோ ரசீதோ எந்தப் பெட்டியில் வந்திருக்கிறதோ அந்த முகவரிக்குப் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பை வரவழைத்து உள்ளே போங்கள். அப்புறம் ஃபேஸ்புக், கூகுள், ஆப்பிள் என்று ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் முழுதாக வெளியேறிவிட்டுத்தான், இல்லையென்றால் பழைய கணக்கே திரும்பத் திரும்பத் திறக்கும். இவ்வளவும் செய்து கிடைக்கவில்லையென்றால், பணம் எடுத்த தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றை அவர்களுடைய உதவி மையத்துக்கு அனுப்புங்கள். அதை வைத்தே கணக்கைக் கண்டுபிடிப்பார்கள். முழுக் கார்டு எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு அலைச்சல் எதற்கு? கார்டை மாற்றிவிட்டால் தானாக நின்றுவிடாதா?

பதில்: நிற்கலாம், நிற்காமலும் போகலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலுமே, பழைய கார்டுக்குப் பதில் புதுக் கார்டு வந்தால் அந்தப் புது எண்ணை மாதாமாதம் பணம் எடுக்கும் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கிற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் புதுக் கார்டிலும் பணம் போகும். மாற்றாமல் முடக்கி வைத்தாலும், பணம் வரவில்லை என்று உடனே விட்டுவிட மாட்டார்கள். ஆப்பிள் வழிச் சந்தா என்றால் 60 நாள் வரைகூட விட்டுவிட்டு முயன்று பார்க்கும். வங்கியிடம் சொல்லித் தடுப்பது, வேறு எதுவும் முடியாதபோது செய்யவேண்டியது. முதலில் ரத்து செய்யுங்கள், ரத்து உறுதியானதாக வரும் மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள், அதற்குப் பிறகும் பணம் போனால் அந்த மின்னஞ்சலோடு வங்கிக்குப் போங்கள்.

கேள்வி: இலவசமாகத் தந்த சோதனைக் காலம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது. இப்போதே ரத்து செய்யலாமா, கடைசி நாள்வரை காத்திருக்கலாமா?

பதில்: கடைசி நாள் வேண்டாம். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்யச் சொல்லி ஆப்பிளே கேட்கிறது. பணம் கட்டிய மாதமாக இருந்தால் எப்போது ரத்து செய்தாலும் மாதம் முடியும்வரை கேட்கலாம், அதனால் தள்ளிப்போடக் காரணமே இல்லை. சோதனைக் காலத்தில் மட்டும் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ரத்து செய்த நிமிடமே நிறுத்திவிடும் சேவைகளும் உண்டு. ரத்துப் பொத்தானை அழுத்தும் முன் அந்தப் பக்கத்தில் 'இந்தத் தேதிவரை பயன்படுத்தலாம்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம் வைத்துக்கொண்டு அன்றைக்குச் செய்யுங்கள்.

கேள்வி: ரத்து பொத்தானை அழுத்தினால் 'உண்மையாகவே போகிறீர்களா', 'பாதி விலைக்குத் தருகிறோம்' என்று பக்கம் பக்கமாக வருகிறது. எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

பதில்: இந்த வேலையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சேர ஒரு பொத்தான் போதும், விலக மட்டும் ஐந்து பக்கமா? ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்கிறவர்கள் தளத்தில் தெளிவான ரத்துப் பொத்தான் வைத்தாகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி வரவேண்டும்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். 'உங்கள் திட்டம் இந்தத் தேதியில் முடிகிறது' என்கிற வாசகம் திரையில் வரும்வரை ரத்து ஆகவில்லை. பெரிதாக, பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கும் பொத்தான் பெரும்பாலும் உங்களை இருக்கவைப்பதற்கானது, ரத்துக்கானது சின்ன எழுத்தில் கீழே கிடக்கும். அந்தக் கடைசித் திரையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சந்தாவை நிறுத்தினால் நான் சேர்த்துவைத்த பிளேலிஸ்ட், டவுன்லோட் எல்லாம் போய்விடுமா?

பதில்: டவுன்லோட் போய்விடும். அது உங்கள் போனில் இருந்தாலும் பூட்டிய கோப்பு, சந்தா இருக்கும்வரைதான் திறக்கும். ஸ்பாட்டிஃபையில் சந்தா இருக்கும்போதே 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்தால்தான் டவுன்லோட் தங்கும்.

பிளேலிஸ்ட் விஷயம் ஆப்பைப் பொறுத்தது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் இரண்டிலும் இலவசத் திட்டம் இருப்பதால் சந்தாவை நிறுத்தினாலும் கணக்கும் பட்டியலும் இருக்கும், விளம்பரங்களோடு கேட்கவேண்டும், அவ்வளவே. ஆப்பிள் மியூசிக்கில் இலவசத் திட்டம் கிடையாது, அதனால் அங்கிருந்து கிளம்புகிறவர்கள் பட்டியலை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்ற சவுண்டிஸ், டியூன்மைமியூசிக் போன்ற தளங்கள் இருக்கின்றன. மாற்றி முடித்தபின் விட்டுப்போன பாட்டுகளின் பட்டியலையும் பாருங்கள், ஏனென்றால் ஒரே பாட்டு வேறு ஆல்பத்தின் பெயரில் இருக்கும், அல்லது யாரோ மறுபடி பாடிய வடிவம் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய பாட்டுகளில் இது அதிகம்.

கணக்கையே மூடுவது இதையெல்லாம் முடித்தபிறகுதான். ஸ்பாட்டிஃபையில் கணக்கை மூடினால் மனம் மாறித் திரும்ப 7 நாள் தருகிறார்கள், அந்த இணைப்பு மின்னஞ்சலுக்கு வரும். அதற்குப் பிறகு பல வருடமாகச் சேர்த்தது எதுவும் கிடைக்காது. பணம் போவதை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால் கணக்கை மூடவே தேவையில்லை.

கேள்வி: குடும்பத் திட்டத்தை நான்தான் நடத்துகிறேன். நிறுத்தினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்?

பதில்: எல்லோருக்கும் சேர்ந்தே நின்றுவிடும். நிறுத்தும் முன்னால் சொல்லிவிடுங்கள், யாராவது ஒருவர் தன் பெயரில் புதிதாகத் தொடங்கிக்கொள்ளட்டும். அவரவர் கணக்கும் பட்டியலும் அவரவருடையது, அது அப்படியே இருக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் ஆப்பின் ஜன்னலை மூடினாலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படித்தான் மூடுவது?

பதில்: விண்டோஸில் கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் அந்த ஆப்பின் படம் இருக்கும், அதில் வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். மேக்கில் சிவப்புப் பொத்தான் ஜன்னலைத்தான் மூடும், ஆப்பை மூட கமாண்ட், கியூ இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்தவுடனே ஆப்பும் திறப்பது பிடிக்கவில்லையென்றால் அதை நிறுத்தும் வசதி ஆப்பின் செட்டிங்ஸிலேயே இருக்கும். இத்தனைக்கும் பிறகு உங்கள் கணக்கில் எங்கோ பாட்டு ஓடுவதாகக் காட்டினால் வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள். கணக்குப் பக்கத்தில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் கார்டிலிருந்து பாட்டு ஆப்புக்குப் பணம் போகிறது. நிறுத்தவேண்டும், ஆனால் அவர் சேர்த்துவைத்த பாட்டுப் பட்டியல் எனக்கு வேண்டும்.

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அவசரப்பட்டு எதையும் மூடாதீர்கள், ஒரு மாதப் பணம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. அவர் போனைத் திறக்க முடிகிறது என்றால் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் திறந்து, பகிரும் இணைப்பை உங்களுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் அதைத் திறந்து சேமிப்பதோடு நிறுத்தாமல், எல்லாப் பாட்டையும் உங்கள் பெயரில் ஒரு புதுப் பட்டியலுக்குள் போடுங்கள். சேமித்தது அவர் கணக்கைச் சார்ந்தே இருக்கும், புதிதாகப் போட்டது உங்களுடையது. திரையையும் வரிசையாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பாட்டு பிற்பாடு அந்த ஆப்பிலிருந்து நீக்கப்பட்டாலும் பெயராவது கையில் இருக்கும். இதெல்லாம் ஆனபிறகு சந்தாவை நிறுத்துங்கள்.

போனைத் திறக்க முடியாதவர்கள் வங்கியில் தெரிவித்துப் பணத்தை நிறுத்தலாம், இறப்புச் சான்றிதழோடு அந்த நிறுவனத்துக்கும் எழுதலாம். ஆப்பிளில் வாரிசுத் தொடர்பு என்று ஒருவரை உயிரோடு இருக்கும்போதே நியமிக்க முடியும், ஆனால் அது புகைப்படம், குறிப்புகள் போன்றவற்றுக்குத்தான், வாங்கிய பாட்டும் சந்தாவும் அதில் வராது.

கேள்வி: நான் பயன்படுத்தும் சேவையையே மூடப்போகிறார்களாம். கட்டிய பணம், பட்டியல் எல்லாம் என்ன ஆகும்?

பதில்: இது புதிதல்ல. ஆர்டியோ என்ற பாட்டுச் சேவை 2015 டிசம்பரில் மூடியது. மைக்ரோசாஃப்ட்டின் க்ரூவ் மியூசிக் பாஸ் 2017 கடைசி நாளோடு நின்றது, பட்டியல்களை ஸ்பாட்டிஃபைக்கு மாற்ற வழி செய்துகொடுத்தார்கள். கூகுள் ப்ளே மியூசிக் 2020 டிசம்பரில் நின்றபோது யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மாற்றாதவர்களின் பாட்டும் பட்டியலும் 2021 பிப்ரவரி 24-க்குப் பிறகு அழிந்தன. ஆக, சேவை நிற்கும் தேதி ஒன்று, உங்கள் தகவல் அழியும் தேதி இன்னொன்று. அறிவிப்பில் இரண்டாவது தேதியைத் தேடிப் பிடியுங்கள், அதற்கு வெகு முன்னாலேயே பட்டியலை மாற்றிவிடுங்கள், கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாற்றும்போது தளம் திணறும். வருடச் சந்தா கட்டியிருந்தால் மீதி மாதங்களுக்குப் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள், பேசித் தெரிந்துகொண்டது பிறகு உதவாது. சந்தா தானாக நின்றுவிடும் என்று அவர்கள் சொன்னாலும் ப்ளே ஸ்டோரிலோ ஐபோன் செட்டிங்ஸிலோ போய் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.